கழுத்தை நெட்டி முறிக்கும் சிகிச்சை: புதிதாக வந்த வலியோடு போகலாமா?

வாசகியின் கடிதம்: "கனடாவின் ஸ்காபரோவில் இருக்கிறேன், வயது 37. வீட்டிலிருந்தே கணினியில் வேலை. மூன்று வருடமாகப் பிடரியும் தோளும் இறுக்கம். வேலையிடக் காப்புறுதியில் வருடத்துக்கு 500 டொலர் கிடைப்பதால் கைரோபிராக்டரிடம் போகத் தொடங்கினேன். தலையை ஒரு பக்கம் திருப்பி ஒரே வெட்டில் முறிப்பார், 'டக்' என்று சத்தம் வரும், இரண்டு நாள் சுகம், பிறகு பழையபடி. இப்போது 24 தடவைக்கும் சேர்த்து முற்பணம் கட்டச் சொல்கிறார்கள். இதற்கிடையில் ஐந்து நாளாக வலது காதுக்குப் பின்னால் ஒரு வலி. தடிமனும் இருமலும் மாறிய கையோடு தொடங்கியது. இப்படியொரு வலி எனக்கு முன்பு வந்ததில்லை. சனிக்கிழமை போய் முறித்தால் சரியாகிவிடும் என்கிறார் கணவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் மாமிக்கு 68 வயது. மூட்டுவாதத்துக்குப் பல வருடமாகக் குளிசை எடுக்கிறா, அவவும் கூட வர விரும்புகிறா. இந்தச் சிகிச்சையால் ஆட்கள் இறந்திருக்கிறார்கள் என்று சிலர் சொல்கிறார்கள், பல இலட்சத்தில் ஒருவருக்குத்தான் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எதை நம்புவது?"

பதில்:

சனிக்கிழமை போக வேண்டாம். இன்றைக்கே வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். இதைக் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே திரும்பவும் எழுதுகிறேன்.

மூன்று வருட இறுக்கம் வேறு, ஐந்து நாள் வலி வேறு. முன்பு வந்திராத வலி, ஒரு பக்கம் மட்டும், பிடரியிலும் காதுக்குப் பின்னாலும், இருமல் காலத்தை ஒட்டி, கழுத்தை முறித்த சில நாட்களுக்குள் வந்தது என்றால், மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பெரும்பாலும் அது இருமிக் களைத்த தசையின் வலியாகத்தான் இருக்கும். ஆனால் தசைவலியையும் குழாய்க் கிழிவையும் கையால் தொட்டுப் பிரித்தறிய முடியாது. கைரோபிராக்டருக்கும் முடியாது, பிசியோதெரபிஸ்ட்டான எனக்கும் முடியாது.

அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் உங்களைப் பார்க்கும் தாதியிடம் "கழுத்து நோகிறது" என்று மட்டும் சொன்னால் பல மணி நேரம் கதிரையில் இருக்க வேண்டி வரும். முழுவதையும் சொல்லுங்கள்: எந்தத் திகதி தொடங்கியது, எந்தப் பக்கம், இப்படி முன்பு வந்ததில்லை என்பது, கடைசியாகக் கழுத்தை முறித்த திகதி, இருமல் இருந்தது, தலைச்சுற்றோ பார்வைக் கோளாறோ வந்ததா என்பது. கழுத்துக் குழாய் கிழிந்திருக்கலாமோ என்று நேரடியாகவே கேளுங்கள். அதைக் காட்டுவது ஊசியில் சாயம் ஏற்றி, கழுத்தையும் தலையையும் சேர்த்து எடுக்கும் சி.ரி. (CT) அஞ்சியோகிராம். கொழுப்பின் ஒளிர்வை அடக்கி எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்திலும் சுவருக்குள் கட்டிய இரத்தம் பிறை வடிவில் தெரியும். வெறும் கழுத்து எக்ஸ்ரேயிலோ சாயமில்லாத தலை ஸ்கானிலோ இது தெரியாது. "எக்ஸ்ரே எடுத்தோம், எல்லாம் சரி" என்ற பதிலோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்பதற்குக் கழுத்தின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மூளைக்குப் போகும் பெரிய குழாய்கள் நான்கு. முன்பக்கம் கரொட்டிட் இரண்டு, பின்பக்கம் வேர்ட்டிபிரல் இரண்டு. பின்பக்கக் குழாய்கள் பொதுவாக ஆறாவது கழுத்து எலும்பின் பக்கத் துவாரத்துக்குள் நுழைந்து, எலும்பு எலும்பாக மேலே ஏறுகின்றன. உச்சியில் உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையில் வெளிப்பக்கமாக வளைந்து, முதல் எலும்பின் முதுகில் படுத்துத் திரும்பி, மண்டைக்குள் போகின்றன. நாம் தலையைத் திருப்பும் திருப்பத்தில் ஏறத்தாழ அரைவாசி நடப்பதும் அந்த முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையில்தான். எனவே தலையை முழுக்கத் திருப்பும்போது அதிகம் இழுபடுவது குழாயின் அந்த வளைவுதான். ஆரோக்கியமான குழாய்க்கு அங்கே தேவையான தளர்வு உண்டு. அதனால்தான் கார் பின்னெடுக்கும்போது திரும்பிப் பார்க்கும் நமக்கு ஒன்றும் ஆவதில்லை.

குழாயின் உட்சுவரில் சிறு கிழிவு விழுந்தால், இரத்தம் அதனூடாகச் சுவரின் அடுக்குகளுக்கிடையில் புகும். சுவரில் ஒட்டிய கடதாசிக்கு அடியில் தண்ணீர் இறங்கினால் அது உப்பி எழும்புமே, அப்படி உட்சுவர் உள்நோக்கி உப்பி வழியைக் குறுக்கும். கிழிந்த இடத்தில் இரத்தம் கட்டியாகும். அதிலிருந்து ஒரு துண்டு பிரிந்து மேலே போய் மூளைத்தண்டின் அல்லது சிறுமூளையின் சிறு குழாய் ஒன்றை அடைத்தால் பக்கவாதம். கிழிவு விழுந்ததும் முதலில் தெரிவது பெரும்பாலும் வலி மட்டும்தான். அடைப்பு அதே நிமிடத்திலும் வரலாம், சில நாள் கழித்தும் வரலாம். அபாயம் கூடிய காலம் முதல் இரண்டு கிழமைகள். அதாவது உங்கள் ஐந்தாவது நாள் அந்தக் காலத்துக்கு நடுவில் இருக்கிறது.

இந்தப் பக்கவாதம் நாம் வழக்கமாகக் கேள்விப்படும் அடையாளங்களோடு வராமல் போகலாம். முகம் கோணுகிறதா, கை தூக்க முடிகிறதா, பேச்சுக் குழறுகிறதா என்ற மூன்று கேள்விகளும் மூளையின் முன்பக்க அடைப்புக்கு நன்றாகப் பொருந்தும், பின்பக்கத்தில் பல தடவை தவறவிடும். பின்பக்கத்தின் அடையாளங்கள் வேறு. அறை சுற்றுவது போன்ற தலைச்சுற்று, இரண்டிரண்டாகத் தெரிவது, நடக்கும்போது ஒரு பக்கம் சரிந்துகொண்டே போவது, விழுங்கக் கஷ்டம், குரல் கம்முவது, சத்தி, நிற்காத விக்கல், முகத்தின் ஒரு பாதியும் உடம்பின் மறுபாதியும் விறைப்பது, ஒரு கண்மடல் தொங்கி அந்தக் கண்ணின் பாவை மட்டும் சிறுத்திருப்பது. இவற்றில் ஒன்று வந்தாலும் 911. நீங்களே காரை ஓட்டிப் போக வேண்டாம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆகவே கடைசியாக நல்ல நிலையில் இருந்த நேரத்தைக் கூட இருப்பவர் குறித்து வைக்கட்டும். சிகிச்சை மேசையிலேயே தலைச்சுற்று வந்தால் "இன்னொரு தடவை முறித்தால் எடுபட்டுவிடும்" என்ற பேச்சுக்கு உடன்படவே கூடாது.

பயப்படுத்துவதோடு விட்டுவிட முடியாது, எனவே இதையும் சொல்கிறேன். கிழிவு நேரத்துக்குக் கண்டுபிடிக்கப்பட்டால் பெரும்பாலும் மருந்தோடு ஆறிவிடும். அஸ்பிரின் போன்ற மருந்தோ, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோ 3 முதல் 6 மாதம் வரை கொடுப்பார்கள். இந்த இரு வகை மருந்தையும் 250 நோயாளிகளில் ஒப்பிட்ட பிரித்தானிய ஆய்வு 2015ல் வெளியானது. முதல் மூன்று மாதத்தில் பக்கவாதம் வந்தவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு இருவர்தான், மருந்துகளுக்கிடையில் பெரிய வித்தியாசமும் இல்லை. ஆபத்து, அது இருப்பது தெரியாமல் கழுத்தைத் திரும்பவும் முறிக்கக் கொடுப்பதில் இருக்கிறது.

இனி "எதை நம்புவது" என்ற கேள்வி. இந்த விவாதத்தின் இரண்டு முக்கிய ஆய்வுகளும் நீங்கள் வாழும் ஒன்ராறியோவிலேயே, இங்குள்ள வைத்தியசாலைப் பதிவுகளையும் மருத்துவக் கட்டணப் பதிவுகளையும் வைத்துச் செய்யப்பட்டவை.

முதலாவது 2001ல் வந்தது. பின்பக்கக் குழாய் தொடர்பான பக்கவாதம் வந்த 582 பேரை எடுத்துப் பார்த்தார்கள். 45 வயதுக்குக் குறைந்தவர்களில், பக்கவாதத்துக்கு முந்திய ஒரு கிழமைக்குள் கைரோபிராக்டரிடம் போயிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஐந்து மடங்கு. ஆனால் எண்ணிக்கையாகப் பார்த்தால், அந்த வயதில் சிகிச்சைக்குப் போகும் ஓர் இலட்சம் பேருக்கு 1.3 என்ற அளவுதான். இரண்டாவது ஆய்வு 2008ல் வந்தது, இன்னும் பெரியது: ஒன்பது வருடப் பதிவில் 818 பக்கவாதங்கள். அதிலும் 45க்குக் குறைந்தவர்களில் அதே தொடர்பு தெரிந்தது. ஆனால் அந்த ஆய்வாளர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தார்கள். பக்கவாதத்துக்கு முன் குடும்ப வைத்தியரிடம் போனவர்களுக்கும் அதே அளவு தொடர்பு இருந்தது. குடும்ப வைத்தியர் யாருடைய கழுத்தையும் முறிப்பதில்லையே! ஆகவே, குழாய் முதலில் கிழிந்து, அந்த வலிக்காகவே ஆட்கள் இரு இடத்துக்கும் போகிறார்கள் என்பதே பெரும்பாலும் காரணம் என்பது அவர்கள் எடுத்த முடிவு.

கைரோபிராக்டர்கள் இந்த இரண்டாவது ஆய்வைத்தான் காட்டுவார்கள். கல்கரிப் பல்கலைக்கழகத்தில் இறந்தவர்களின் உடலில் அளந்து 2002ல் வெளியிட்ட ஆய்வையும் காட்டுவார்கள். முறிக்கும்போது குழாயில் ஏற்படும் இழுவை, வைத்தியர் தலையை முழு எல்லைக்கும் திருப்பிச் சோதிக்கும்போது ஏற்படுவதைவிடக் கூடவில்லை என்பது அதன் முடிவு. இரண்டும் மதிக்கத்தக்க ஆய்வுகள், ஒதுக்க முடியாது. ஆனால் கட்டணப் பதிவில் "வந்தார்" என்று இருக்குமே தவிர, அன்று கழுத்து முறிக்கப்பட்டதா, நாரி மட்டும் பார்க்கப்பட்டதா என்று இருக்காது. கல்கரியில் அளந்ததும் கிழிவில்லாத குழாய்களை.

எல்லாவற்றையும் விட முக்கியமானது இதுதான்: 2008 ஆய்வை முழுதாக ஏற்றுக்கொண்டாலும் அது சொல்வது என்ன? ஏற்கெனவே கிழிந்த குழாயோடு ஆட்கள் அந்த மேசையில் வந்து படுக்கிறார்கள் என்றுதானே? கிழிந்து, இரத்தக் கட்டி ஒட்டியிருக்கும் குழாயுள்ள கழுத்தைச் சட்டென்று திருப்பி முறிப்பது எப்படிப் பாதுகாப்பாகும்? சிகிச்சைக்கு ஆதரவாக எடுத்துக் காட்டப்படும் அந்த ஆய்வே, புதிய வலியோடு போகாதீர்கள் என்பதற்கு மிகப் பலமான காரணம். அமெரிக்க இதய, பக்கவாதச் சங்கங்கள் 2014ல் வெளியிட்ட அறிக்கையும் காரணம் நிரூபிக்கப்பட்டுவிட்டது என்று சொல்லவில்லை. தொடர்பு இருக்கிறது, கழுத்தை முறிக்க முன் அதை நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் சொன்னது.

"பல இலட்சத்தில் ஒன்று" என்ற கணக்குகளில் சில, காப்புறுதிக்கு வந்த முறைப்பாடுகளை எண்ணிப் போட்டவை. முறைப்பாடு வராதது அதில் ஏறாது. வெளியான மதிப்பீடுகள் இருபதாயிரத்தில் ஒன்றிலிருந்து பல பத்து இலட்சத்தில் ஒன்று வரை விரிந்து கிடக்கின்றன. மிக அரிது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எவ்வளவு அரிது என்று துல்லியமாகச் சொல்பவரைத்தான் நான் நம்பமாட்டேன். சிறு தொல்லைகளோ அரிதல்ல. கிட்டத்தட்ட அரைவாசிப் பேருக்கு அன்றோ மறுநாளோ நோவு, இறுக்கம், தலையிடி, களைப்பு வந்து ஓரிரு நாளில் மாறும்.

அரிதான ஆபத்து என்றால் அதற்கு ஈடாகக் கிடைப்பது என்ன என்று பார்க்க வேண்டும். நான் இந்தச் சிகிச்சையில் குறை காணும் இடம் இதுதான். 2012ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் கழுத்து வலியுள்ள 272 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். முறிக்கும் சிகிச்சை, மருந்து, வீட்டில் செய்யும் பயிற்சி. 12 கிழமை முடிவில் முறிக்கும் சிகிச்சை மருந்தைவிட மேலாக இருந்தது. ஆனால் ஒன்றிரண்டு தடவை சொல்லிக் கொடுத்து வீட்டில் செய்த பயிற்சி அதற்குக் கிட்டத்தட்டச் சமமாக நின்றது. சிட்னியில் 182 பேரை வைத்துச் செய்து 2010ல் வெளியான ஆய்வில், வெட்டி முறித்தவர்களும், அதே மூட்டை மெதுவாக ஆட்டி அசைத்துச் சிகிச்சை பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே நாட்களில்தான் குணமானார்கள். அப்படியானால் அந்த வெட்டு எதற்கு?

'டக்' சத்தத்துக்காக என்றால், அது எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் அல்ல. மூட்டின் இரு பரப்புகளும் சட்டென்று விலகும்போது உள்ளிருக்கும் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகும். அல்பேர்ட்டாவில் விரல் மூட்டை இழுத்தபடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு 2015ல் இதைக் காட்டியது. அதோடு சில மணி நேரம் தசை தளரும், வலி உணர்வு மங்கும், அதுதான் உங்கள் இரண்டு நாள் சுகம். விலகிய எலும்பு எதுவும் இல்லை, அதனால் திரும்ப விலகவும் இல்லை. 1895ல் அமெரிக்காவின் டாவன்போர்ட் நகரில் இத்தொழிலைத் தொடங்கிய பாமர், எலும்பு விலகலே நோய்களுக்கெல்லாம் மூலம் என்றார். இன்றும் காதுக் கிருமிக்கும் ஆஸ்துமாவுக்கும் குழந்தையின் அழுகைக்கும் கழுத்தைச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழும்பி வாருங்கள். நாரி வலிக்கும் கழுத்து இறுக்கத்துக்கும் முறையாகப் பார்க்கும் கைரோபிராக்டர்களும் பலர் இருக்கிறார்கள், அவர்களை இதில் சேர்க்கவில்லை.

முன்கூட்டியே சோதித்துப் பார்த்து ஆபத்தானவர்களை விலக்க முடியாதா? தலையைப் பின்னே சாய்த்துத் திருப்பி, சில செக்கன்கள் பிடித்து, தலைச்சுற்று வருகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். அது ஆபத்துள்ளவரைக் காட்டிக்கொடுப்பதில்லை, இல்லாதவரையும் பயமுறுத்தும். இப்போது அதற்குப் பெரிய மதிப்பில்லை. பயனுள்ளவை வேறு: வலியின் வரலாறு, இரத்த அழுத்தம், கண், முகம், நாக்கு, குரல் ஆகியவற்றின் நரம்புச் சோதனை, நடை, கை கால் அனிச்சைகள். உங்கள் கைரோபிராக்டர் ஒருமுறையாவது இரத்த அழுத்தம் பார்த்தாரா என்று யோசித்துப் பாருங்கள். "எனக்குக் கொலஸ்ட்ரோல் இல்லை, வயதும் குறைவு" என்பதும் ஆறுதலாகாது. இந்தக் கிழிவு அதிகம் வருவதே முப்பது நாற்பது வயதுகளில். ஒற்றைத் தலையிடி உள்ளவர்கள், அண்மையில் காய்ச்சலோ தடிமனோ வந்தவர்கள், பிள்ளை பெற்றுச் சில கிழமையானவர்கள், மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும் பரம்பரைக் கோளாறு உள்ளவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

ஒன்ராறியோவில் முள்ளந்தண்டு மூட்டை அதன் வழக்கமான எல்லைக்கு அப்பால் வேகமாகத் தள்ளுவது 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட செயல். கைரோபிராக்டர்களுக்கு அனுமதி உண்டு, பயிற்சி பெற்றுப் பதிந்த பிசியோதெரபிஸ்ட்டுகளுக்கும் உண்டு. நான் மேலே சொன்னது எல்லாம் என் தொழிலில் இருப்பவர் முறிக்கும்போதும் பொருந்தும். ஒருவர் பதிவு பெற்றவரா, ஒழுக்காற்று முடிவு ஏதும் அவர்மேல் இருக்கிறதா என்பதை அந்தந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பான கல்லூரியின் (College) பொதுப் பதிவேட்டில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம்.

உடன்பாடு பற்றியும் ஒரு வார்த்தை. முதல் நாள் வரவேற்பு மேசையில் கையெழுத்து வாங்கிய படிவம் மட்டும் உடன்பாடு ஆகாது. 1996ஆம் ஆண்டு மருத்துவ உடன்பாட்டுச் சட்டப்படி, என்ன செய்யப் போகிறார்கள், என்ன பயன், என்ன ஆபத்து, வேறு வழி என்ன, செய்யாவிட்டால் என்ன என்பதை உங்களுக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும். கொடுத்த உடன்பாட்டை எந்த நிமிடத்திலும் திரும்பப் பெறலாம். மேசையில் படுத்தபடியே "கழுத்தை முறிக்க வேண்டாம், மெதுவாக அசைத்து மட்டும் விடுங்கள்" என்று சொல்லலாம், அதைக் கோப்பில் எழுதச் சொல்லலாம். நல்லவர் கோபிக்கமாட்டார்.

24 தடவைக்கு முற்பணம் கட்டாதீர்கள். 2004 டிசம்பரிலிருந்து ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் இந்தச் சிகிச்சைக்குக் காசு கொடுப்பதில்லை, உங்கள் 500 டொலரும் பாதியில் முடிந்துவிடும். எந்தக் கைச்சிகிச்சையாக இருந்தாலும் ஆறு தடவைக்குள் தெளிவான முன்னேற்றம் இல்லையென்றால் வழியை மாற்ற வேண்டும். ஆறாவது தடவைக்கு முன் இருபத்துநாலாவதை விற்பவர் உங்கள் கழுத்தைப் பார்த்து அந்தக் கணக்கைப் போடவில்லை.

குழாயில் கிழிவில்லை என்று தெளிவான பிறகு, அந்த மூன்று வருட இறுக்கத்துக்குச் செய்ய வேண்டியது பின்வருமாறு. மல்லாந்து படுத்து, மெல்லிய தலையணை வைத்து, "ஓம்" என்று தலையசைப்பது போல நாடியை மிக மெதுவாக உள்ளே இழுங்கள். கழுத்தின் முன்பக்க மேல்தசைகள் துருத்தி நின்றால் கூடுதலாக முயல்கிறீர்கள் என்று அர்த்தம், பலத்தைக் குறையுங்கள். 10 செக்கன் பிடித்து விடுவது, 10 தடவை, நாளுக்கு இரண்டு முறை. இருந்தபடி தலையை இரு பக்கமும் வலியில்லாத எல்லைவரை மெதுவாகத் திருப்புவது 5 முதல் 10 தடவை. இதை ஒரே மூச்சில் செய்து முடிக்காமல் நாளுக்கு ஆறேழு முறையாகப் பிரித்துச் செய்ய வேண்டும், பலன் அப்படிப் பிரித்துச் செய்வதில்தான். கதவுப் பிடியில் இறப்பர் பட்டியைக் கொளுவி, முழங்கையை உடம்போடு பின்னே இழுத்து தோள்பட்டை எலும்புகளை நெருக்குவது 10 தடவை வீதம் மூன்று சுற்று, ஒன்றுவிட்ட ஒருநாள். முதல் பத்து நாள் தசை கொஞ்சம் நோகும், அதற்காக விட்டுவிடாதீர்கள். ஆனால் கைக்குள் மின்சாரம் பாய்வது போல வந்தால் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். ஆறு கிழமை தொடர்ந்து செய்யாமல் பலனில்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

மடிக்கணினியில் வேலை செய்தால் தனி விசைப்பலகை வாங்கி, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்படி உயர்த்துங்கள், தூரம் ஒரு கை நீளம். மூன்று வருடப் பிரச்சினையில் பாதி அந்த மேசையில்தான் இருக்கும். காப்புறுதிப் பணத்தைப் பிசியோவுக்கோ பதிவு பெற்ற மசாஜ் சிகிச்சைக்கோ பயன்படுத்த உங்கள் திட்டம் இடம் கொடுக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான திட்டங்களில் அவற்றுக்குத் தனித் தொகை உண்டு.

இனி மாமி. அவவின் கழுத்தை யாரும் முறிக்கக் கூடாது, எந்தக் காலத்திலும். நெடுநாள் மூட்டுவாதம், அதாவது மூட்டுகளை அழற்சியால் அரிக்கும் ருமட்டொயிட் வகை, கை மூட்டுகளோடு நிற்பதில்லை. கழுத்தின் முதல் எலும்பை, இரண்டாவது எலும்பிலிருந்து மேலே எழும் முளையோடு இறுக்கிப் பிடிக்கும் தசைநார் அரிக்கப்பட்டுத் தளரலாம். அப்போது தலை குனியும்போது முளை முள்ளந்தண்டு நரம்பை நெருக்கலாம். வளர்ந்தவர்களில் முதல் எலும்புக்கும் முளைக்கும் இடைவெளி பொதுவாக 3 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். தலையைக் குனிந்தும் நிமிர்த்தியும் எடுக்கும் எக்ஸ்ரேயில் அதை அளக்கலாம். இப்படியான கழுத்தில் ஒரு வெட்டு, குழாயைவிட்டு நரம்பையே தாக்கும். பல வருடம் ஸ்டீரொயிட் குளிசை எடுத்திருந்தால் எலும்பும் தேய்ந்திருக்கலாம். முள்ளந்தண்டு இறுகி ஒரே துண்டாகிப்போன வயதானவர்களுக்கும் இதே தடை. 2017ல் இங்கிலாந்தின் யோர்க் நகரில் கைரோபிராக்டரின் மேசையில் 80 வயதுக்காரர் ஒருவரின் கழுத்து முறிந்து மறுநாள் இறந்தார். அவருடைய முள்ளந்தண்டு அப்படி இறுகியிருந்தது. இரத்தம் உறையாமல் வாபரின் போன்ற மருந்து எடுப்பவர்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாமியிடம் கேட்டுப் பாருங்கள்: சட்டைப் பொத்தான் போடக் கை முன்பைவிடத் தடுமாறுகிறதா, நடை தள்ளாடுகிறதா, கழுத்தைக் குனிந்தால் முதுகு வழியே மின்சாரம் அடிப்பது போல் இருக்கிறதா, சிறுநீரை அடக்கக் கஷ்டமா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் ஊருக்குத் திரும்பும்வரை காத்திருக்காமல் இங்கேயே வைத்தியரிடம் காட்ட வேண்டும். பார்வையாளர் காப்புறுதி இதை ஏற்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருந்த நோய் என்று தட்டிக் கழிப்பது வழக்கம். எப்போதாவது சத்திரசிகிச்சை என்று வந்தால், மயக்க மருந்து கொடுப்பவரிடம் கழுத்தில் மூட்டுவாதம் இருக்கலாம் என்று சொல்லுங்கள். தொண்டைக்குள் குழாய் விடும்போது அவர்கள் தலையை அதிகம் பின்னே சாய்ப்பார்கள்.

கணவருக்கும் ஒன்று. சலூனில் முடி வெட்டி முடிந்ததும் நாடியையும் உச்சியையும் பிடித்து இரு பக்கமும் நெட்டி முறிப்பதும் இதே வெட்டுத்தான், வரலாறும் கேட்காமல், இரத்த அழுத்தமும் பார்க்காமல். தலையைப் பட்டியில் மாட்டி இழுத்துக் காட்டும் காணொளிகளைப் பார்த்து வீட்டில் ஒருவருக்கொருவர் செய்து பார்ப்பது அதைவிட மோசம். மாமிக்கு எண்ணெய் சூடாக்கித் தோளிலும் பிடரித் தசையிலும் தேய்த்துவிடத் தடையில்லை. 15 நிமிடம் இளஞ்சூட்டு ஒத்தடமும் கொடுக்கலாம். தலையை மட்டும் திருப்பவோ இழுக்கவோ வேண்டாம்.